தேயாத டயர்

ஜூலை 27, ஞாயிறு

டயர் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஏழு மாதமாக டி.வி. மேல் தூங்கிக்கொண்டிருந்தது. இன்று எழுப்பிவிட்டேன். காரணம் இருக்கிறது. வருகிற கார்த்திகையில் எனக்கு அறுபது நிறைகிறது. சங்ககிரியில் அறுபதைத் தொட்ட ஆண்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாதிப் பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள், மீதிப் பேரை இரண்டு பேர் பிடித்து எழுப்புகிறார்கள். சென்னியப்பன் எப்படி அறுபதுக்குள் நுழைந்தான் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கட்டும்.

என் நாள் இப்படி. காலை நாலரைக்கு எழுகிறேன். மேசை மேல் அருகம்புல் சாறு தயாராக இருக்கும். மலையடிவாரம் வரை நடை. திரும்பி வந்தால் வெந்நீர் தயாராக இருக்கும். காலையில் கம்பங்கூழ், மத்தியானம் வரகரிசிச் சோறும் கொள்ளுப் பருப்பும், சாயங்காலம் ஏழு மணிக்குள் ராகிக்களி. சர்க்கரை இல்லை, மைதா இல்லை. பிறகு என் டயர் ரீட்ரேடிங் கடை. தேய்ந்த லாரி டயருக்குப் புதுப் பட்டன், அதாவது தரையில் உரசுகிற வரிப்பள்ளம் போட்ட ரப்பர், ஒட்டிக் கொடுக்கிற தொழில். முப்பது வருஷமாக ஊரார் தேய்மானத்தைப் பார்த்தவன் தன் தேய்மானத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டானா?

என் மனைவி பூவாத்தாளுக்கு இதெல்லாம் ஏறவில்லை. தனக்கு மட்டும் அரிசிச் சோறு தனியாக வடித்துக்கொள்கிறாள். ஒழுக்கம் எல்லோருக்கும் வந்துவிடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

பவானி கூடுதுறைக்குப் போனோம். செருப்பு வைக்கக்கூட இடமில்லாத கூட்டம். பூவாத்தாள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வழக்கம்போல என் காலில் விழுந்தாள். விழுந்தாள் என்று சொல்வதுதானே தவிர, அவள் கை என் காலில் படாது. காலுக்குப் பக்கத்தில் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். கூச்சக்காரி.

கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தாள். எனக்குச் சாமையில், மற்றவர்களுக்கு அரிசியில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் சிந்துஜா வந்திருந்தாள். அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் என்று முடிவாகிவிட்டது. மண்டபம், கார், சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்கிறாளாம். அதோடு எனக்கு ஒரு பரிசு. மோதிரமோ கடிகாரமோ என்று நினைத்தேன். ரத்தப் பரிசோதனை! அதுவும் தம்பதி சகிதமாக.

டெலோமியர் என்று ஒன்று இருக்கிறதாம். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இருக்கிற குரோமோசோமின் நுனியில் மூடி போல இருக்கும். அணு ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அந்த நுனி கொஞ்சம் குறையும். நன்றாகக் குறைந்துவிட்டால் அணு பிரிவதை நிறுத்திக்கொள்ளும். புகை, கவலை, தூக்கமின்மை எல்லாம் அதைச் சீக்கிரம் குறைக்கும்; நல்ல சாப்பாடும் நடையும் காப்பாற்றும். சர்டிபிகேட் வயது வேறு, அணுவின் வயது வேறு என்று காட்டிக்கொடுத்துவிடுமாம்.

அவள் முக்கால் மணி நேரம் சொன்னது எனக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது. இது பட்டன் ஆழம். டயர் வாங்கிய தேதியை வைத்து யாராவது அதன் ஆயுசைச் சொல்வார்களா? பட்டனில் குச்சியை விட்டுப் பார்த்தல்லவா சொல்லுவோம். என் பட்டனை அளக்கட்டும், காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பூவாத்தாளுக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையில் தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு, வரும்போது அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கி வந்திருக்கிறாள். ஒரு விசேஷமும் இல்லாத நாள். இன்று ராத்திரிக்குச் சமைக்காமல் ஓட்டலுக்குப் போகலாமா என்று வேறு கேட்டாள். பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள்.

சர்க்கரையும் மைதாவும் உடம்புக்குள் போய் என்னென்ன செய்யும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஒரே ஒரு ஜாங்கிரியை நின்றபடியே சாப்பிட்டாள். மீதியைக் கடைப் பையன்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். ராத்திரி களி கிண்டினாள். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து ஒரு பெண் வந்து இருவருக்கும் ரத்தம் எடுத்துப் போனாள். பிறந்த தேதி கேட்டாள். நான் பளிச்சென்று சொன்னேன். பூவாத்தாள் இழுத்தாள். ஆதாரில் இருக்கிற தேதியைச் சொன்னால் போதுமா என்று கேட்டாள். வேறெந்தத் தேதியைச் சொல்வதாம்? தேதி தப்பாக இருந்தால் கணக்கு மாறுமா என்று அந்தப் பெண்ணிடம் இன்னொரு கேள்வி. ஊசிக்குப் பயந்தவர்கள் இப்படித்தான் பேச்சை வளர்ப்பார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நடை. கொள்ளு. எடை அதே. வயிறு சுத்தம்.

செப்டம்பர் 13, சனி

ரிப்போர்ட் வந்தது. சிந்துஜா போனிலேயே படித்துச் சொன்னாள்.

எனக்கு வயது அறுபதாகப் போகிறது. என் டெலோமியருக்கு ஐம்பத்திரண்டு!

கடைக்குப் போன் செய்து சொன்னேன். என் தம்பிக்குச் சொன்னேன். பால்காரர் வந்தார், அவருக்கும் சொன்னேன். பூவாத்தாள் பூஜை அலமாரி முன்னால் போய் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நான் நினைக்கவில்லை. எத்தனை என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். ஐம்பத்திரண்டு, நிச்சயமாக ஐம்பத்திரண்டுதானே என்றாள்.

அதற்குப் பிறகுதான் சிந்துஜா குரலைத் தாழ்த்தினாள். அம்மாவுக்கு வயது ஐம்பத்தேழு. டெலோமியருக்கு அறுபத்தாறு என்றாள்.

நான் மறுபடி படிக்கச் சொன்னேன். அதேதான். ஒன்பது வருஷம் கூடுதல்.

பூவாத்தாளிடம் சொன்னபோது, "அப்படிங்களா" என்றாள். போய் இட்லிக்கு உளுந்து ஊற வைத்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன். டெலோமியர் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு, சர்க்கரை, என்னென்னவோ வரும் வாய்ப்பு அதிகம் என்று போனில் போட்டிருக்கிறான். நான் எண்பத்தைந்து வரை திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் திட்டத்தில் எல்லா வருஷத்திலும் இவள் இருக்கிறாள். இவள் இல்லாத வருஷம் ஒன்றை நான் யோசித்ததே இல்லை.

பயந்தால் ஆகாது, செயலில் இறங்க வேண்டும். இன்று முதல் பூவாத்தாளுக்கும் என் ஒழுங்குதான். நாலரைக்கு நடை. அரிசி நிறுத்தம். அருகம்புல் சாறு இரண்டு டம்ளர். மூச்சுப் பயிற்சி. ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. சாறு இரண்டு டம்ளர் என்றால் புல்லை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அலச வேண்டும், நாலுக்குப் பதில் மூணே முக்காலுக்கு எழுந்துகொள்கிறேன் என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

நடைக்கு வந்த இடத்தில் பூவாத்தாள் உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றியதாம். ஈரோட்டுக்குக் கூட்டிப் போய் இ.சி.ஜி., எக்கோ, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது. தூக்கம் போதவில்லை, கொஞ்சம் ரத்தக் குறைவு, அவ்வளவுதான் என்றார்கள். பரிசோதனையில் ஏதோ தப்பிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அறுபத்தாறு சும்மா வருமா?

மத்தியானம் கடையில் என் கவலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே காற்று. எனக்கு மட்டும் பட்டன் அப்படியே இருக்கிறது, அவளுக்கு எப்படித் தேய்ந்தது? ராசப்பன், என் கடையில் இருபது வருஷமாக டயர் ராவுகிறவன், தலையைத் தூக்காமல் சொன்னான்.

"வண்டியில தேயாம இருக்கறது ஸ்டெப்னி மட்டுந்தானுங்க மொதலாளி."

உபரிச் சக்கரத்தைத்தான் அவன் பொதுவாகச் சொன்னான். ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கடையில் பூஜை முடிந்தது. எல்லோருக்கும் பொரியும் பழமும் பூவாத்தாள் கையால். மெலிந்துவிட்டாள், ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கிறது. உடம்பு இறங்குகிறது, நல்லதுதானே என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள். எனக்கு நல்லதாகப் படவில்லை.

கோயம்புத்தூரில் ரத்தக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்கிறார்களாம். அதற்கு நாள் கேட்டிருக்கிறேன். முதலில் தங்கள் டாக்டர் அங்கயற்கண்ணி பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றார்கள். பதினொன்றாம் தேதி போகிறோம். இவள் உடம்பு சரியாகாவிட்டால் திருக்கடையூரும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூவாத்தாள் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 11, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டாக்டர் அங்கயற்கண்ணி இரண்டு ரிப்போர்ட்டையும் படித்தார். முதலில் என்னைத்தான் பிடித்தார். இந்த எண் ஒரு அடையாளம் மட்டும், ஜாதகம் இல்லை என்றார். ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் சொல்லுமாம். தனி ஒருவருக்கு இதை வைத்து நோயைச் சொல்ல முடியாதாம். இன்று ஓர் இடத்தில் ஒன்று வரும், நாளை இன்னோர் இடத்தில் வேறு வரும். நீளமாக இருந்தால் கொண்டாட வேண்டியதும் இல்லை, சில புற்றுநோய்கள் நீளமானவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக வருகின்றன என்றார். பால்காரருக்கு இதை நான் சொல்லப் போவதில்லை.

பிறகு பூவாத்தாள் பக்கம் திரும்பி, வயது ஐம்பத்தேழுதானே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். அறுவதுங்க" என்றாள் பூவாத்தாள்.

கேள்வி விளங்கவில்லை போலிருக்கிறது என்று நான் குறுக்கிட்டேன். அறுபது எனக்கு, அதுவும் அடுத்த மாதம். உனக்கு ஐம்பத்தேழு என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத்தானுங்க அறுவது முடிஞ்சுது. உங்களுக்குத்தான் இன்னும் ஆகலை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பூவாத்தாள் சின்ன வயதில் குள்ளமாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனால், வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள் அல்லவா? அவளுக்கு எட்டவில்லை. அடுத்த வருஷம் வா என்றார்கள். அடுத்த வருஷமும் எட்டவில்லை. மூன்றாம் வருஷம் விரல் நுனி காதில் பட்டது. பட்டவுடன் ஹெட்மாஸ்டர், இப்போதுதான் ஐந்து முடிந்திருக்கிறது என்று எழுதி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியும் போட்டுவிட்டார். கிட்டத்தட்ட மூன்று வருஷம் காணாமல் போய்விட்டது. கை நீளத்தை வைத்து வயது சொன்னார்கள் அன்றைக்கு.

என் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனபோது அவளுடைய அய்யனுக்கு, அதாவது என் மாமனாருக்கு, பக்கென்றிருக்கிறது. நிஜத்தைச் சொன்னால் மாப்பிள்ளையைவிடப் பெண் மூன்று மாதம் மூத்தவள். அதோடு ஆயில்ய நட்சத்திரம், மாமியாருக்கு ஆகாது என்பார்கள். சர்டிபிகேட் தேதிக்குப் பொருத்தமாகப் புதிதாக ஒரு ஜாதகம் எழுதி வாங்கிவிட்டார். ஆயில்யம் உத்திரமாகிவிட்டது. பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று என் அம்மா ஊர் முழுக்கச் சொன்ன ஜாதகம் அதுதான்! ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுவார்கள், இவர்கள் இரண்டோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதைச் சொல்ல முப்பத்து நாலு வருஷமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"மூத்தவங்க சின்னவங்க காலுல விழுந்தா, சின்னவங்களுக்கு ஆயுசு கொறஞ்சு போகுமுன்னு சொல்லுவாங்க டாக்டர். பொங்கல், ஆடி, தீவாளி எல்லாத்துக்கும் அத்தை விழுகச் சொல்லுவாங்க. மாட்டேன்னு எப்படிங்க சொல்றது? காலுல கை படாமத் தரையத் தொட்டுக்குவேன். அப்படியும் பயந்தானுங்க. அதனாலதான் இவங்க புல்லுச் சாறுன்னு சொன்னாலும் சரி, கொள்ளுன்னு சொன்னாலும் சரி, ஒரு நாளும் தவறாமச் செஞ்சு குடுத்தேன். இப்பத் திருக்கடையூர்ல மந்திரம் சொல்லி, எல்லாருக்கும் முன்னாடி விழுகணுமே."

ஐம்பத்திரண்டு என்று கேட்டதும் அவள் கையைத் தூக்கிக் கும்பிட்டது ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் அவளிடம் காலையில் எப்போது எழுவாள் என்று கேட்டார். நாலு மணிக்கு என்றாள். எத்தனை வருஷமாக? அத்தை படுக்கையில் விழுந்ததிலிருந்து என்றாள். என் அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில் இருந்தாள். நாலு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் என் சாறு வந்துவிட்டது. இவள் இயல்பிலேயே விடியலில் எழுகிறவள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மாமியாருக்கு ஆகாத ஆயில்யம்தான் என் அம்மாவை எண்பத்தேழு வயது வரை குளிப்பாட்டி ஊட்டி வைத்திருந்தது.

அறுபதுக்கு அறுபத்தாறு என்பது இந்தப் பரிசோதனையில் முன்னே பின்னே வரக்கூடியதுதான், கம்பியெல்லாம் விட வேண்டாம் என்றார் டாக்டர். தூங்க விடுங்கள், அரிசிச் சோறு சாப்பிட விடுங்கள் என்று எழுதாத குறையாகச் சொன்னார். மூன்று வருஷம் ஹெட்மாஸ்டர் கணக்கு. மீதி ஆறு யார் கணக்கு என்று டாக்டர் சொல்லவில்லை.

காரில் வரும்போது, அறுபது எந்த நாள் நிறைந்தது என்று கேட்டேன். ஆவணி ஆயில்யம், ஆகஸ்ட் இருபத்திரண்டு என்றாள்.

"நீங்க ஜாங்கிரியக் கடைக்குக் குடுத்தனுப்பிச்சீங்களே, அன்னைக்குத்தானுங்க."

அதற்குப் பிறகு சங்ககிரி வரை வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டு வாசலில் இறங்கும்போது, சிந்துஜாவுக்குத் தெரிய வேண்டாம், சம்பந்தி வீடு வரை போய்விடும் என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நான் நாலரைக்கு எழுந்து புல் அலசினேன். இத்தனை மண் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாதி சாறு தரையில். அவள் ஏழு மணிக்கு எழுந்து வந்து, வீட்டில் மாடு கட்டியிருக்கிறதா என்று கேட்டாள்.

ராசப்பன் ஸ்டெப்னி பற்றிச் சொன்னது சரிதான். அவனிடம் சொல்ல மாட்டேன், தலைக்கனம் ஏறிவிடும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கினேன். நான் ஒன்றரைத் துண்டு. நன்றாகத்தான் இருக்கிறது, கெட்ட வஸ்து.

கும்பிட வேண்டிய நேரத்தில் அவள் தயங்கி நின்றாள். எனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டேன். தீபாவளியன்று என்ன கடை என்று சிந்துஜா கேட்டாள்.

நவம்பர் 26, புதன். திருக்கடையூர்

ஐம்பது பேர் வந்திருந்தார்கள். புகை, மேளம், வீடியோக்காரன், நடுவில் நாங்கள். மாலை கழுத்தை அறுத்தது.

பொழுது விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் குருக்களைப் போய்ப் பார்த்தேன். என் மனைவி பெயரைச் சொல்லும்போது ஆயில்யம் என்று சொல்ல வேண்டும், இது அவளுக்கும் அறுபது என்றேன். எழுதிக் கொடுத்ததில் உத்திரம் என்று இருக்கிறதே என்றார். எழுதியது தப்பு, முப்பத்து நாலு வருஷமாகத் தப்பு என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அறுபதாம் கல்யாணங்களில் அவர் என்னவெல்லாம் கேட்டிருப்பாரோ.

சங்கல்பத்தில் அவள் பெயரோடு ஆயில்யம் என்ற சொல் வந்தபோது பூவாத்தாள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். வேறு யாருக்கும் தெரியவில்லை. மந்திரத்தை யார் கேட்கிறார்கள்? பிறந்த நட்சத்திரம் சொல்லி அவளுக்காகச் சாமியிடம் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். துணி மாற்றிக்கொண்டு வந்து தாலி கட்டினேன். அய்யா காலில் விழுந்து கும்பிட்டுக்கோங்க அம்மா என்றார் குருக்கள். வீடியோக்காரன் கிட்டே வந்தான். பூவாத்தாள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் முந்தானையைச் சொருகிக்கொண்டு குனியப் பார்த்தாள்.

"இரு அம்மிணி, மெட்டி கழண்டிருக்குது" என்று சொல்லிவிட்டு நான் குனிந்தேன்.

முட்டியைப் பிடிக்காமல்தான் குனிந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு கையாலும் அவள் இரண்டு பாதத்தையும் பிடித்தேன். தரையை அல்ல. ஈரமாக, சில்லென்று இருந்தன. குதிகால் முழுக்க வெடிப்பு. மெட்டியைச் சரி செய்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அவள் கை என் தலைமேல் ஒரு முறை பட்டது. மாலையை ஒதுக்குகிற மாதிரித்தான் பட்டது.

என்னப்பா ஆச்சு என்று சிந்துஜா எட்டிப் பார்த்தாள். மெட்டி தளர்ந்துவிட்டது என்றேன். கூட்டத்தில் யாரோ, இந்த வயதிலும் பெண்டாட்டி மெட்டியைக் கவனிக்கிறார் பார் என்று கேலி செய்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் விழ வேண்டியதைக் குருக்களே மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டார்.

மெட்டி இறுக்கமாகத்தான் இருந்தது.